மருந்து என்ற சொல்லும் பதினொரு கைத்துப்பாக்கிகளும்

1

மருத்துவமனைக் கடிதத்தின் நகல் ஒன்று இன்று காலை தபாலில் வந்தது. இந்த நாட்டில் நோயாளியைப் பற்றி டாக்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதற்கெல்லாம் நமக்கும் ஒரு நகல் வந்துவிடும். அதில் மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: “நோயாளி வீட்டிலுள்ள காலாவதியான மருந்துகளைப் பற்றித் தொடர்ந்து பதற்றமடைகிறார். செவிலியர் நேரில் சென்று அவற்றை அப்புறப்படுத்திவிட்டார். பிரச்சினை தீர்ந்தது.”

படித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. ஓர் ஆஸ்பத்திரி முழுக்கச் சேர்ந்து தப்பாகப் புரிந்துகொண்ட கதை இது. அந்தத் தப்பைத் தொடங்கி வைத்தவளே நான்தான். ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். முக்கியமாக, ஆரணியிலிருந்து இரண்டு கிலோ லேகியம் அனுப்பிய என் கொழுந்தனார் மூர்த்திக்கு.

என்னைத் தெரியாதவர்களுக்காக: எனக்குக் கண்ணமங்கலம். வேலூரில் நர்சிங் படித்தேன். ஆரணியில் பட்டுத்தறிக்காரர் வீட்டில் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடங்களுக்கு முன் பர்மிங்காமில் நர்ஸ் வேலை கிடைத்து நான் முதலில் வந்தேன். ஆறு மாதம் கழித்து இரண்டு வயது நித்யாவைத் தூக்கிக்கொண்டு என் கணவர் ஏகாம்பரம் வந்தார். ஆரணியில் அவரை இன்றும் “நர்ஸம்மா வூட்டுக்காரர்” என்றுதான் சொல்வார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. இங்கே கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை பார்த்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இழை தப்பினால் கண்ணில் படும், அதனால் அந்த வேலை அவருக்குச் சுலபமாக வந்தது.

போன மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. கூடவே ஆங்கிலமும் மொத்தமாகப் போயிற்று. தமிழில் பத்துச் சொல் மிஞ்சியது.

2

இனி துப்பாக்கிகள். எங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோவில் பதினொரு கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. இருநூறு வருடப் பழசு. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். அந்தக் காலத்தில் வண்டியில் ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் கோட்டுப் பையிலும், சீமாட்டிகள் குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் உறைக்குள்ளும் வைத்திருப்பார்களாம்.

கரப்பான் பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் வழி காட்டி வெளியே அனுப்புகிற மனிதர் இவர். இவருக்கு எதற்குத் துப்பாக்கி என்று நான் சண்டை போடாத வருடமில்லை. ஒருமுறை பொறுமையாகச் சொன்னார்: “இது வீரன் வச்சிருந்த சாமான் இல்லம்மா. பயந்தவன் வச்சிருந்தது. பாதிக்கு மேல ஒரு தடவகூட சுட்டிருக்க மாட்டாங்க. சும்மா பாக்கெட்ல தொட்டுப் பாத்துகினே போயிருப்பாங்க.”

வந்த புதிதில் வேலைக்கான நேர்காணல்களுக்குப் போகும்போது சட்டைப் பையில் பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இவர் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதனால் அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது ஒரு மண்டபத்தில் பழம்பொருள் சந்தை நடக்கும். அங்கே சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். எல்லாரும் கிழவர்கள், எல்லார் சட்டைப் பையிலும் ஒரு பூதக்கண்ணாடி. நானும் சில தடவை போயிருக்கிறேன். முதலில் பளபளப்பைப் பார்ப்பது புதுசாக வந்தவன் என்பார் இவர். ஆரணியில் விவரம் தெரிந்த வியாபாரி சேலையைக் கையில் வாங்கியதும் முந்தானையைப் பார்க்கமாட்டார், மறுபக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பார். இவரும் துப்பாக்கியைத் திருப்பிக் குழலுக்கு அடியில்தான் பார்ப்பார். மேலே அழகாகச் செதுக்கியிருப்பது கடைக்காரன் பெயர். செய்தவன் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் குழலைத் திருகிக் கழற்றினால் உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், வேலைக்காரன் தன் பெயரின் முதலெழுத்து இரண்டைக் குத்தி வைத்திருப்பான். அதைக் கண்டுபிடிக்கிற அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

“முள்ளிப்பட்டுல நெய்யறவன் பேரு எந்த சேலையிலயாவது இருக்குதா? இவன் பாரு, கெட்டிக்காரன், உள்ள கையெழுத்துப் போட்டுட்டு போயிருக்கிறான்” என்பார்.

பர்மிங்காமிலேயே ஒரு பேட்டை முழுக்க ஒரு காலத்தில் துப்பாக்கி செய்தவர்கள்தான். ஒரு வீட்டில் குழல், அடுத்த வீட்டில் பூட்டு, அதற்கடுத்த வீட்டில் மரப்பிடி. சாயம் ஒருவர், பாவு ஒருவர், நெசவு ஒருவர் என்று வளர்ந்தவருக்கு அந்தப் பேட்டை வழியாகப் பஸ்ஸில் போவதே சந்தோஷம். இப்போது அங்கே அடுக்குமாடிகளும் ஒரு கார் நிறுத்துமிடமும்தான். இருந்தாலும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பீரோவைத் துடைப்பது என் வேலை. ஆயுத பூஜைக்குப் பதினொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சேகரிப்பாளர் ஒருவர் மரப்பிடியில் மஞ்சள் கறையைப் பார்த்து இது எந்தக் காலத்து வார்னிஷ் என்று பூதக்கண்ணாடி வைத்து ஆராய்ந்தார். ஹாரி என்று பெயர், எழுபத்தைந்து வயது, இவருக்கு மிகவும் நெருங்கிய சிநேகிதர். இவர் அவருக்கு விளக்கம் சொல்லவே இல்லை, விஷமம்.

3

முதல் துப்பாக்கியை வாங்கிய வருடம் ஒரு கூத்து நடந்தது. இந்த நாட்டில் இவ்வளவு பழசை அலங்காரமாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம், சுடக்கூடாது, அவ்வளவுதான். அது இவருக்கும் தெரியும். ஆனால் பொதுத்தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒரு துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நம் ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா. தேவிகாபுரத்தில் இவர் மாமா ஒருவர் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த துப்பாக்கியை வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதைச் சின்ன வயதில் பார்த்தவர் இவர். தேர்தல் என்றால் அதுதான் முறை என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது.

கவுன்டரில் இருந்த போலீஸ்காரப் பெண் விஷயத்தைப் புரிந்துகொள்ளவே அரை மணி நேரம் ஆயிற்றாம். யாரையாவது சுட உத்தேசமா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, ஓட்டுப் போட உத்தேசம் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒரு டீ கொடுத்து, துப்பாக்கியையும் கொடுத்து அனுப்பிவிட்டாள். மூர்த்தி அப்போது போனில், “துப்பாக்கி வச்சிகினு இருக்கிறியாமே, உனக்கு ஏண்ணா இந்த பேஜாரு?” என்று கேட்டார்.

அந்தத் தேவிகாபுரத்து மாமாவிடம்தான் இவர் துப்பாக்கிச் சொற்களைக் கற்றுக்கொண்டார். சந்தையில் எவ்வளவு இங்கிலீஷ் பேசினாலும், வீட்டில் மேஜையின் மேல் பழைய பேப்பரை விரித்துத் துடைக்க உட்கார்ந்தால் எல்லாம் தமிழ்தான். சுத்தியலுக்குக் குதிரை. குதிரையை இழுத்தால் அதுவரை ஒளிந்திருந்த விசை கீழே எட்டிப் பார்க்கும். குழலுக்குள் போடும் கருப்புப் பொடி மருந்து. பக்கத்தில் நித்யா உட்கார்ந்து எண்ணெய்த் துணியை எடுத்துக் கொடுப்பாள். ஏழெட்டு வயது வரை அவளுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு.

பிறகு அவள் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலைகள் வந்தன. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இப்போது லீட்ஸில் வேலை, வயது இருபத்தெட்டு. ஊரிலிருந்து போன் வந்தால் “நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா” என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டிவிடுவாள். என் மகளுக்குத் தமிழ் தெரியாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் வெட்கமும், அவள்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தன.

4

பக்கவாதம் வந்து மூன்றாம் நாள் இவர் பேசிய முதல் சொல், “மருந்து.”

நான் முப்பது வருடம் நர்ஸ். மருந்து என்று ஒரு நோயாளி கேட்டால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். டியூட்டி நர்ஸைக் கூப்பிட்டேன். வலி இருக்கிறது போல என்றேன். பாரசிட்டமால் கொடுத்தார்கள். இவர் அதைத் துப்பிவிட்டு மறுபடி, “மருந்து” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அது இன்னும் கூடிற்று. இன்னும் இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தன. “மருந்து. உள்ள. பழசு.” நான் மாத்திரைப் பெட்டியை எடுத்துக் காட்டுவேன், தேதி பாருங்கள், எல்லாம் புதுசு என்பேன். தலையைத் தலையை ஆட்டுவார். “தொடாத” என்பார். சரி, மாத்திரை சாப்பிடப் பிடிக்கவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுபடி காட்டப் போனபோது ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஸ்பீக்கர் போனில் பிடித்தார்கள். எந்த ஊர்க்காரரோ, தங்கமான குரல். “ஐயா, நிதானமா சொல்லுங்கோ” என்றார். இவர் சொன்னார். அவர் ஒரு சொல்கூட விடாமல் மொழிபெயர்த்தார்: மருந்து உள்ளே இருக்கிறது, மருந்து பழசு, தொடவேண்டாம். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வாரமே ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து குளியலறை அலமாரியைக் குடைந்து, தேதி முடிந்த இருமல் டானிக்கையும் என் தலைவலித் தைலத்தையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு படிவத்தில் என் கையெழுத்தும் வாங்கினாள்.

மூர்த்தியிடம் சொன்னேன். அண்ணன் மருந்து கேட்கிறாரே என்று அவருக்குப் பதறிவிட்டது. “இங்கிலீஷ் மருந்து ஒத்துக்கல அண்ணி. அதான் நம்மூரு மருந்து கேக்கறாரு” என்று ஆரணிக் கடையில் லேகியம் வாங்கிப் பார்சல் போட்டார். அது இங்கே சுங்கத்தில் மாட்டிக்கொண்டு, கருப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும் இந்தப் பொருளின் பயன் என்ன என்று கேட்டு எனக்கு இரண்டு பக்கத்தில் படிவம் வந்தது. பயன் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.

ஹாரி பார்க்க வந்தார். இவர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, “மருந்து, மருந்து” என்றார். பாவம் ஹாரி, ஆமாம் ஆமாம் என்று இவர் கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதில் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இவர் வீட்டுக்கு வந்த ஐந்து வாரமும், வெள்ளிக்கிழமை நான் பீரோவைத் துடைக்கத் திறந்தால் இவர் சக்கர நாற்காலியிலிருந்து எம்பி, நல்ல கையால் என் கையைத் தட்டிவிடுவார். ஒரு தடவை வளையல் உடைந்து ரத்தமே வந்தது. “தொடாத” என்று கத்தினார். இவர் என்னை அதட்டிக்கூடப் பேசியவரில்லை. நோயாளிகள் இப்படி மாறுவதை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவர்களின் மனைவிமாருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது தாங்கவில்லை. “கழுவறது, துடைக்கிறது எல்லாம் நானு. உங்களுக்கு நான் முக்கியமா, இந்த இரும்பு முக்கியமா?” என்று கேட்டுவிட்டேன். இவர் அழுதார். குற்ற உணர்ச்சியில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். மாடிப்படி ஏற முடியாதவருக்கு முன்னறையில் கட்டில் போட இடம் வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். ஏலக் கம்பெனிக்காரர் திங்கட்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

5

சனிக்கிழமை நித்யா வந்தாள், எல்லாவற்றையும் எடுத்து வைக்க. நான் துப்பாக்கியை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கொடுக்க, அவள் காகிதத்தில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். இவரைக் கொல்லைப்புற ஜன்னல் பக்கம் உட்கார வைத்திருந்தேன், பார்த்தால் வருத்தப்படுவார் என்று. ஏழாவதை எடுத்தபோது சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஒற்றைக் கையால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, சுவரிலெல்லாம் இடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“மருந்து” என்றார். வாயெல்லாம் எச்சில். “மருந்து, மருந்து.”

நான் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, “நித்யா, அப்பாவோட பன்னெண்டு மணி மாத்திரைய எடுத்துகினு வா” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“அம்மா, மாத்திரை எதுக்கு? மருந்துன்னு சொல்றார்.”

“அதாண்டி. மருந்து.”

“மருந்துன்னா பவுடர்மா. கன் பவுடர். உள்ள போடுவாங்களே, அது.”

யோசித்துப் பார்த்தால், என் வீட்டில் நான் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மாத்திரை, டானிக், ட்ராப்ஸ், மெடிசின் இப்படித்தான் நர்ஸ் வாயில் வரும். மருந்து என்ற சொல்லை என் மகள் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருக்கிறாள், அப்பாவின் மேஜைக்குப் பக்கத்தில். அதற்கு இன்னொரு பொருள் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இவருக்குப் பேச்சே வரவில்லை, அதன் பிறகு போனில் நான் அவளிடம் அப்பா மெடிசின் கேட்கிறார் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவள் அப்பாவிடம் குனிந்து, “எதுலப்பா?” என்று கேட்டாள்.

இவர் இடது கையை நீட்டி என் மடியைக் காட்டினார்.

நித்யா அதை என்னிடமிருந்து மெதுவாக வாங்கினாள். அதன் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தாள். இழுப்பறையில் இவர் வைத்திருக்கும் மெல்லிய மரக்குச்சியை எடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு குழலுக்குள் விட்டாள். குச்சி நின்ற இடத்தில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்து, குழலோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். காலியாக இருந்தால் குச்சி குதிரை வரை எட்ட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்தது. இதையெல்லாம் அவளுக்கு எப்போது சொல்லிக்கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டியில் இருந்திருப்பேன்.

“உள்ள இருக்குப்பா” என்றாள்.

இவர் “ஆங்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து வாரமாக இறுகிக் கிடந்த தோள் அப்போதுதான் இறங்கிற்று.

6

நித்யா போன் செய்ததும் ஹாரி அரை மணியில் வந்துவிட்டார். துப்பாக்கியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், எங்களை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, வெகுநேரம் என்னென்னவோ செய்தார். திரும்பி வந்தபோது ஒரு சாசரில் தண்ணீர் விட்டு நனைத்த கருப்புப் பொடியும், சுண்டைக்காய் அளவு ஈயக்குண்டு ஒன்றும் இருந்தன. எத்தனை வருடமானாலும் ஈரம் படாவிட்டால் அந்தப் பொடி சாகாதாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் யாராவது குதிரையை இழுத்து விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். கடைசியாக நடந்த சந்தையில், பக்கவாதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, இவர் வாங்கிய துப்பாக்கி அது. குச்சி விட்டுப் பார்த்திருப்பார், ஹாரியிடம் கொண்டுபோகலாம் என்று வைத்திருப்பார், அதற்குள் வாய் போய்விட்டது.

நான் வெள்ளிக்கிழமை துடைக்கும்போது குதிரையை இழுத்து, அதன் கீழே சேர்ந்த தூசியையும் எடுப்பேன். அது இவருக்குத் தெரியும். இப்போது அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, நான் சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். மகள் முன்னால் அப்படிக் கேட்கிறோமே என்று தோன்றவில்லை. இவர் என் கையில் உடைந்த வளையல் கீறிய இடத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஏலக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கட்டில் முன்னறைக்கு வந்தது, பீரோ கூடத்துக்குப் போயிற்று. ஞாயிறு முழுக்க இவர் மருந்து என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வாயைத் திறந்து, “டீ” என்றார். நித்யா லீட்ஸுக்குப் போன் போட்டு இன்னும் இரண்டு நாள் லீவு சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். அவளிடம் ஒரு தாள். நோயாளி சொல்லும் சொற்கள் ஒரு பக்கம், அவற்றின் பொருள் இன்னொரு பக்கம், வீட்டில் மொழி நன்றாகத் தெரிந்தவர் நிரப்ப வேண்டும் என்றாள். வழக்கம்போல என்னிடம் நீட்டினாள். நான் அதை நித்யாவிடம் கொடுத்தேன்.

அவளுக்குத் தமிழ் எழுத வராது. டீ, உள்ள, பழசு, தொடாத எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதினாள். மருந்து என்ற சொல் வந்ததும் அப்பாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எதிர்க் கட்டத்தில், “அம்மா, தள்ளி நில்லு, உனக்கு அடிபடப் போகுது” என்று இங்கிலீஷில் எழுதினாள்.

தாளை அப்பாவிடம் காட்டினாள். இவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று தெரியாது. இடது கையால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். அடியில் சரிபார்த்தவர் என்று ஒரு கோடு இருந்தது. நான் அங்கே கையெழுத்துப் போட்டேன்.